அப்பா தனியாகத் திறந்த சூளை

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் மேகம். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்ல பெண்ணாகக் காட்டிக்கொள்ள எதையும் சேர்க்க மாட்டேன். அம்மா அப்பா மனம் நோகுமே என்று எதையும் விடவும் மாட்டேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. யாரும் படிக்காத இடத்தில் பொய் எழுதுவது வீண் வேலை.

முதல் உண்மை. இன்று விடியற்காலை அப்பா சூளையைச் சூடு ஆறுவதற்கு முன்பே திறந்துவிட்டார்.

எங்கள் சூளை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இருக்கிறது. மின்சாரச் சூளை, அம்மா அப்பா வாயில் 'கில்ன்'. வாஷிங் மெஷினைவிடப் பெரியது, மேலே மூடி. சுட்டு முடித்த பிறகு தானாக ஆற வேண்டும். மீட்டரில் நூறு டிகிரிக்குக் கீழே வந்தால்தான் மூடியைத் தொடலாம். இது எனக்கு எல்.கே.ஜி.யிலேயே தெரியும். அப்பா திறந்தபோது இருநூறுக்கு மேல். வெளிக்காற்று உள்ளே போனதும் டிங், டிங் என்று சத்தம். பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. பிறகு ஒரே ஒரு 'டக்'.

அந்த 'டக்' தாமரை இலைத் தட்டு.

அம்மா ஜூன் மாதம் செய்தது. தட்டிய களிமண் மேல் நிஜத் தாமரை இலையை வைத்து அழுத்தி எடுத்தது. நரம்பெல்லாம் நடுவிலிருந்து கிளம்பி ஓரம் வரை போகும். ஓரம் தண்ணீரில் மிதப்பதுபோல லேசாக மேலே தூக்கியிருக்கும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கும் கைவினைக் கண்காட்சியில் எங்கள் மேசைக்கு நடுவில் வைக்க வேண்டிய தட்டு. இப்போது ஓரத்திலிருந்து நடு வரை விரிசல்.

அம்மா எழுந்து வந்தாள். ஆணியில் மாட்டியிருந்த தோல் கையுறைகளை வழக்கம்போல எடுத்தாள். மூடி திறந்திருப்பதைப் பார்த்தாள். கையுறைகளைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"கஸ்தூ, புது கிளேஸ் வந்திருக்கான்னு ஒரு நிமிஷம் பாக்கலாம்னுதான்..." என்றார் அப்பா.

அம்மா டீ போடப் போய்விட்டாள்.

கிளேஸ் என்றால் பாத்திரத்தின் மேல் வரும் கண்ணாடிப் பூச்சு. உதிர்ந்த வேப்பிலையை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து ஒரு பச்சை நிறம் கொண்டுவர அப்பா பல மாதமாக முயற்சி. இந்தச் சூளையில்தான் முதல்முறை.

மதியச் சாப்பாடு. அம்மா சொன்னாள், "பவி, உங்கப்பாவுக்கு சாம்பார் வேணுமான்னு கேளு." அப்பா என் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். "வேணும்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

வீட்டுப்பாடம்: கணக்கு மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 11, திங்கள்

புழுக்கம். பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புப் பயிற்சி. காலில் சாக்ஸ் தடம்.

அவசரமாக ஆறிய கோப்பைகள் இன்னும் டிங் டிங் என்கின்றன. கிளேஸ் மெல்ல இழுபட்டு முடி அளவு கோடு விழும் சத்தம். அப்பா சொல்வார், "இன்னும் ரெண்டு நாள் பேசும், அப்புறம் அடங்கிடும்." வீட்டில் இப்போது அவைதான் பேசுகின்றன.

மாலையில் அம்மாவுக்கு ஒரு போன். ஷீலா மேம். காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பக்கம் பெரிய மண்பாண்ட ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நிறைய சக்கரங்கள், கேஸ் சூளை, கற்றுக்கொள்ள வரும் கல்லூரிப் பெண்கள். ரொம்ப நாளாக அம்மாவை வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மா எப்போதும் சிரித்து மழுப்புவாள். இன்று மழுப்பவில்லை.

"டெய்லியா மேம்? வரலாம்... இங்க அவர் பாத்துப்பாரு. ஞாயித்துக்கிழமை கண்காட்சி முடியுது. அன்னிக்கு சொல்லிடறேன்."

வைத்தவுடன், "பவி, உங்கப்பா கிட்ட சொல்லிடு. காட்டாங்குளத்தூர்ல டெய்லி வேலைக்குக் கூப்பிடறாங்க."

அப்பா வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் போய்ச் சொன்னேன்.

"நல்ல எடம்தான்னு சொல்லு" என்றார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

அம்மா தினமும் போய்விட்டால் இங்கே சக்கரத்தில் உட்கார யாருமில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரம் எதுவும் ஒருவர் செய்தது கிடையாது. அம்மா கையில் உருவம், அப்பா கையில் நிறமும் நெருப்பும். அடியில் இருவருக்கும் சேர்த்து ஒரே முத்திரை, ஓர் இலையும் ஒரு மொட்டும். முதலில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு இலை வைக்க நினைத்தார்களாம். "கட்சிக்காரங்கன்னு நினைப்பாங்க" என்று ஒன்றை மொட்டாக்கியது அப்பா.

இந்தப் பக்கத்தில் கொஞ்சம் அழுதேன். எழுத்து பரவவில்லை, பால்பாயிண்ட்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். பள்ளி விட்டதும் வாசலில் அப்பா, ஸ்கூட்டரோடு. "மார்க்கெட் போய்ட்டு வந்துடலாமா?"

மேற்குத் தாம்பரம். பூக்கடை வரிசை. அப்பாவுக்குத் தாமரை இலை வேண்டும். இன்னொரு தட்டு செய்யப் போகிறாராம். "அவ செய்யறதை எத்தனை தடவை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

பூக்கார அக்கா இலைக்கட்டைப் பிரித்தபடி,

"இன்னா சார், பூ வோணாமா? எல மட்டும் இன்னாத்துக்கு? சோறு துன்னப் போறியா?"

"இல்லக்கா, ஒரு வேலைக்கு. ஓட்டை இல்லாம, பெருசா, நரம்பு எடுப்பா இருக்கற மாதிரி..."

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் எலைய பாக்குறியே! இந்தா. வூட்ல சண்டையா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"மூஞ்சிலயே எழுதி ஒட்டிகினு கீது. ரெண்டு மொழம் மல்லி வாங்கிக்கினு போ சார். எல குடுத்து எவனாச்சும் சண்டைய தீத்துக்கிறானா?"

வாங்கினோம். அந்த அக்கா மல்லியை அந்த இலையிலேயே சுற்றப் போனாள். அப்பா பதறிப்போய்க் கையைத் தடுத்தார். "இலை மடங்கிடும், மடங்கிடும்!" அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் காய்கறிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டில் அப்பா மல்லியை அம்மாவின் சக்கரத்துக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தார். அரை மணி கழித்துப் பார்த்தேன். பூ சாமி படத்தில்.

அப்பா தட்டு செய்தார். உண்மை: நன்றாக வரவில்லை. அம்மா மண்ணைச் சப்பாத்திபோலத் தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே கனம். அப்பா தேய்த்தது ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெல்லிசு. இலையை வைத்து அழுத்தும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். நான் வரைபடம் வரையும்போது அப்படித்தான் செய்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. பள்ளி வேன் சேலையூரில் தண்ணீரில் நின்றது. எல்லோரும் பாட்டு. நான் வரலாறு படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். அப்பாவின் தட்டுக்கு மேலே பாலிதீன் உறை. ஓரங்களில் ஈரத்துணி, அதுவும் மெல்லிசான பக்கத்துக்கு மட்டும். மெல்லிசான இடம் முதலில் காய்ந்து சுருங்கினால் தட்டு முறுக்கிக்கொள்ளும். அப்பா இதைச் செய்யவில்லை. அவர் பகல் முழுக்க அட்டைப்பெட்டி வாங்க அலைந்துகொண்டிருந்தார்.

அம்மாவிடம் கேட்டேன், "நீ மூடினியா?"

"திறந்து போட்டிருந்துச்சு. மூடினேன். அவ்ளோதான்."

கட்ட வேண்டியவை:
பூவரசு இலைச் சின்னத் தட்டுகள்
ஆமணக்கு இலைக் கிண்ணங்கள்
நத்தைக் கோப்பைகள் (கைப்பிடியில் நத்தை ஏறுவதுபோல)
தேக்கு இலைத் தட்டு பெரியது
விதைக்காய் வடிவ மூடி வைத்த ஜாடிகள்
பழைய செய்தித்தாள் நிறைய
தாமரை ?

கேள்விக்குறி அப்பா போட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். இலைப் பெயர் அட்டைகள் எழுதி முடித்தேன். பூவரசுக்கு மட்டும் நான்கு முறை, 'வ' சரியாக வரவில்லை.

அம்மா ஸ்டாலுக்கு வரவில்லையாம். "நீயும் அப்பாவும் போங்க. எனக்கு முதுகு வலி." அம்மா இல்லாமல் ஒரு கண்காட்சியும் போட்டதில்லை. அப்பாவுக்கு விற்கத் தெரியாது.

பாத்திரம் தேய்க்கும்போது கேட்டே விட்டேன். "அந்தத் தட்டுக்காகத்தான் கோபமாம்மா?"

"தட்டு உடையும் பவி. மண்ணுன்னா உடையும். எத்தனை உடைச்சிருக்கேன் நானே."

"அப்புறம் என்ன?"

"போய்ப் படு."

மணி எட்டுகூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். அங்கிருந்து நேராகக் கேம்ப் ரோடு பக்கம் கல்யாண மண்டபம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, அதனால் கண்காட்சிக்கு விட்டிருக்கிறார்கள். மணமக்கள் மேடையில் ஒருவர் சணல் பை விற்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் ஊறுகாய், சோப்பு, மரப்பொம்மை.

குட்டி யானை வண்டியில் எங்கள் பெட்டிகள் வந்து சேர்ந்தன. பக்கத்து ஸ்டால் ரோசி அக்கா, பனையோலைப் பெட்டிகள். எல்லாக் கண்காட்சிக்கும் வருவார். வந்ததும், "எங்க கஸ்தூரி?" அப்பா, "முதுகு வலி." அக்கா என்னைப் பார்த்தார். நான் நூல்கண்டு தேடப் போனேன்.

மேசை விரித்தோம். நடுவில் இடம் காலி. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெட்டியிலிருந்து விரிசல் விட்ட தாமரைத் தட்டையே எடுத்து நடுவில் வைத்தார். ஓர் அட்டை: விற்பனைக்கு இல்லை.

காதில் விழுந்தவை:

"மைக்ரோவேவ்ல வெக்கலாமா?"

"அய்யய்யோ நத்தை! ...ஓ, மண்ணா."

"அண்ணா, இதுல ஓட்டை போட்டுத் தருவீங்களா, சக்குலென்ட் செடி வெக்கணும்."

"மண்ணுதானேப்பா இது? எங்க ஊர்ல சும்மா கெடக்குது."

ஒரு ஆன்ட்டி ஒவ்வொரு கோப்பையையும் தேங்காய் பார்ப்பதுபோலத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை அப்பாவிடம் நீட்டினார். அப்பா உடனே, "இதுல அடியில ஒரு சின்னப் புள்ளி இருக்கு, பாருங்க" என்றார். ஆன்ட்டி கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். ரோசி அக்கா தலையில் கை வைத்தார். "சார், நீங்க வாயைத் திறக்காதீங்க. சரக்கு தானா விக்கும்."

தாமரைத் தட்டைப் பற்றி யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில். "இது என் மனைவி செஞ்சது. நான்தான் அவசரப்பட்டுக் கில்னைத் திறந்து கெடுத்துட்டேன்." கேட்காத ஒரு தாத்தாவிடம்கூடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"எல்லார்கிட்டயுமா?"

"கேட்டவங்க கிட்ட எல்லாம். கேக்காதவங்க கிட்டயும்."

"ஊருக்கே சொல்லியாச்சு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டாராமா?"

ஆகஸ்ட் 16, சனி

மத்தியானம் அம்மா வந்துவிட்டாள்! டிபன் கேரியரோடு. பச்சை காட்டன் புடவை. "சாப்பாடு குடுக்க வந்தேன் ரோசி, இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். நத்தைகள் முன்னால். தேக்கு சாய்த்து, வெளிச்சம் நரம்பில் படும்படி. தாமரைத் தட்டை மட்டும் தொடவில்லை. அட்டையை மட்டும் பார்த்தாள்.

அப்போது ஒரு ஜோடி. புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறார்கள்போல, கையில் திரைச்சீலை வாங்கிய பை. அந்தப் பெண்ணுக்குத் தாமரைத் தட்டின் மேலேயே கண். "விரிசல் பரவால்ல சார். சுவத்துல மாட்டிப்போம். குடுங்களேன்."

அப்பா வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தார். "இது என் மனைவி செஞ்சது, நான்தான்..." என்றவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். அம்மா ஒரு கை தூரத்தில்.

"குடுக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா அம்மாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நான் நடுவில் இருந்தும் யாரும் 'பவி, கேளு' என்று சொல்லவில்லை.

"வேணாம்" என்றாள் அம்மா. பிறகு அந்தப் பெண்ணிடம், "கோவிச்சுக்காதம்மா. இதுல விரிசல் இன்னும் ஓடும். சுவத்துலேந்து ஒரு நாள் விழும். இந்தப் பூவரசு பாரு, உன் கையளவுதான், உனக்குன்னே செஞ்ச மாதிரி."

பூவரசு இரண்டு போயிற்று.

அம்மா கடைசி வரைக்கும் இருந்தாள். முதுகு வலி பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் வீட்டில், "பவி, உங்கப்பா கிட்ட சொல்லு, நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பணும்னு." மறுபடியும் நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அட்டைப்பெட்டிதான் மேசை. இன்று ஆவணி பிறந்துவிட்டது. நாளைக்கு இங்கே ஒரு நிச்சயதார்த்தமாம். அலங்காரக்காரர்கள் வாசலில் வாழைமரத்தோடு காத்திருக்கிறார்கள். மேனேஜர் அண்ணன் நிமிடத்துக்கு ஒருமுறை, "சீக்கிரம் காலி பண்ணுங்கப்பா, பேஜார் பண்ணாதீங்க."

எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுத வேண்டும்.

மதியம் கூட்டம் இல்லை. வெளியே மழை. மேசைக்குப் பின்னால் மூன்று பேரும் தயிர்சாதம். அப்பா சொன்னார், பாதி என்னைப் பார்த்து, பாதி அம்மாவைப் பார்த்து, "அந்தப் புதுத் தட்டு காஞ்சிட்டு வருது. அடுத்த கில்ன்ல வெச்சுடலாம். அப்புறம் சரியாயிடும்ல?"

"அந்தத் தட்டா?" என்றாள் அம்மா. "ஒரு பக்கம் தோசை, ஒரு பக்கம் அடை."

ரோசி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

"நான் எப்பங்க தட்டு கேட்டேன்?"

"பின்ன?"

"பவி பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து ஒரு கில்னாவது தனியா திறந்திருக்கோமா? நீங்க மூடி, நான் கிளவுஸ். எனக்கு டெங்கு வந்தப்போ நான் ஆஸ்பத்திரிலேந்து வர்ற வரைக்கும் மூடியே வெச்சிருந்தீங்க. ஆர்டர் குடுத்தவர் வாசல்ல வந்து கத்தினாரு, அப்பவும் திறக்கல. அன்னிக்கு என்னை எழுப்பல நீங்க."

அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். எனக்கு அந்தக் கையுறைகள் நினைவுக்கு வந்தன. அன்றைக்கே எழுதியிருக்கிறேன், ஆனால் புரியவில்லை.

"நல்லா தூங்கிட்டிருந்தே கஸ்தூ."

"எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பியிருந்தா திறக்க விட்டிருக்க மாட்டே."

"அதுக்குத்தான் எழுப்பணும்னு சொல்றேன்!"

இரண்டு ஸ்டால் தள்ளி சோப்புக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்" என்றார். "உடைஞ்சது இல்ல. நீ வர்றதுக்கு முன்னாடி நான் மட்டும் பாத்துட்டேனே, அது தப்பு." ஊருக்கெல்லாம் சொன்னதைவிட இது சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டார், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஓர் ஆமணக்குக் கிண்ணத்தை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அப்பாவின் புதுப் பச்சை. நேற்று வந்ததும் இவற்றைத்தான் நகர்த்தினாள், ஆனால் பச்சையை அவள் ஒருமுறையும் பார்க்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நரம்புக் கோடுகளில் பச்சை தேங்கியிருந்தது. மேட்டில் தேன் நிறம்.

"வந்திருக்குங்க" என்றாள். "மழை விட்ட மறுநாள் ஏரி மாதிரி."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பிறகு கூட்டம் வந்துவிட்டது. அப்பா இன்னும் இரண்டு பேரிடம் பாத்திரத்தில் இருக்கும் குறையைச் சொன்னார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

மாலை. கட்டிக்கொண்டிருக்கும்போது ஷீலா மேமின் போன். நான் செய்தித்தாள் கிழிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா ஒரு கோப்பையைச் சுற்றிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல், "போ கஸ்தூ. நல்ல வீலு, நல்ல மண்ணு. எனக்காக நிக்காதே" என்றார்.

அம்மா போனை எடுத்தாள்.

"சொல்லுங்க மேம்... வரேன் மேம். டெய்லி முடியாது. வாரத்துல மூணு நாள்... ஆமா. ஆனா எங்க வீட்டுக் கில்ன் திறக்கற நாள்ல வர மாட்டேன். அது எந்த நாள்னு முன்னாடியே சொல்ல முடியாது மேம். அது ஆறினாத்தானே... இல்ல, அவர் திறக்க மாட்டாரு. நான் இருக்கணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அம்மா சிரித்தாள். "சரி மேம், சரி மேம்" என்று வைத்துவிட்டாள்.

அப்பா ஒரே கோப்பைக்கு எவ்வளவு காகிதம் சுற்றிவிட்டார் என்றால் அது இப்போது பூசணிக்காய் அளவு. அம்மா அதைப் பிடுங்கிப் பிரிக்கிறாள். "பேப்பர் தீந்துடும்ங்க." "நாளைக்கு அடுத்த கில்ன் அடுக்கலாமா?" "முதல்ல இதை இறக்குங்க." என் வழியாக இல்லை. நேராக. நான் இங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

மேனேஜர் அண்ணன், "இன்னா சார், இன்னுமா சுத்திகினு கீறீங்க? நான் ஆஃப் பண்றேன்!"

மேடைப் பக்கம் லைட் போயிற்று. ஊறுகாய்க்காரர் வரிசையும். இதோ எங்கள் வரிசை, லைட்டை அணைத்துவிட்டார்